டெல்லியில் மழை விட்ட மறுநாள்

ஜனவரியில் டெல்லியில் மழை பிடித்தால், ஆர்.கே.புரத்திலும் மயூர் விகாரிலும் நம்மவர் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "மணாலியில் ஸ்னோ கொட்டியிருக்கும்" என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இரண்டு நாள் தூறல். மூன்றாம் நாள் கழுவித் துடைத்தாற்போல் வானம் வெளுக்கும். வடமேற்கிலிருந்து எலும்பில் இறங்கும் காற்று வீசும். அன்று மாலையே கஷ்மீரி கேட்டில் மலைக்குப் போகும் வால்வோ பஸ்கள் நிரம்பிவிடும். குடியரசு தின விடுமுறையும் கூடவே வந்தால் கேட்கவே வேண்டாம். புயலில் போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். புயல்தான் விட்டுவிட்டதே, இனி என்ன?

பனிச்சரிவு நடத்தும் கணக்கு வேறு. கொட்டித் தீர்த்து வானம் வெளுத்த முதல் ஓரிரு நாள்தான் மலைச்சரிவுகள் மிக மோசமான நிலையில் இருக்கும். அந்த நாளில்தான் ஆட்களும் வந்து சேர்கிறார்கள். ஏன் இப்படி என்பது புரிய, பனி எப்படி விழுகிறது என்பதைவிட விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இதில் நம் மொழியே கொஞ்சம் காலை வாருகிறது. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, டெல்லி விமானங்களை முடக்குவதும் பனி, ஊட்டியில் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, ரோதாங் கணவாயில் ஆளுயரத்துக்குக் குவிவதும் பனி. முதல் மூன்றும் வெயில் ஏறினால் போய்விடும். "சூரியனைக் கண்ட பனிபோல" என்று சொல்லிப் பழகிய நமக்கு, விழுந்த பனி ஐந்து மாதம் அங்கேயே கிடக்கும் என்பதும், டிசம்பரில் விழுந்த அடுக்கு பிப்ரவரியில் ஆளைக் கொல்லும் என்பதும் மனதில் பதிவதில்லை. இந்தக் கட்டுரையில் பனி என்றால் அந்த நான்காவது வகை மட்டுமே.

முதலில் அது எங்கிருந்து வருகிறது? வானிலைத் துறை 'மேற்கத்திய இடையூறு' என்று சொல்வது, மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கு மேற்குக் காற்றோட்டத்தில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழற்சி. குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கிலிருந்து ஆறு வரை வரும். எல்லாமே பலமாக இருக்காது. அரபிக்கடலிலிருந்தும் ஈரம் சேர்ந்துகொண்டால்தான் கொட்டும். அந்த ஈரக்காற்று முதலில் முட்டுவது பீர்பஞ்சால் மலைத்தொடரில். குல்மார்க்கும் ரோதாங்கும் இருப்பது அங்கேதான். அதனால் அங்கே விழுவது கனமான, ஈரம் கூடிய பனி. அதைத் தாண்டி சோஜிலா, லாஹவுல் பக்கம் போனால் பனி உலர்ந்திருக்கும். காரகோரத்தில் குளிர் மிகக் கடுமை, காற்று ஓயாது, பனி மணல்போல் இருக்கும். இந்த மூன்று பகுதிகளிலும் பனிச்சரிவு வரும் விதம் மூன்று மாதிரி.

விழுந்த பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கு. இடையில் வரும் வெயில், காற்று, தெளிந்த வானத்துக் குளிர் ஒவ்வொன்றும் அடுக்கின் மேற்பரப்பை ஒவ்வொரு விதமாக மாற்றிவிட்டுப் போகும். பனிக்குக் கீழே இருக்கும் தரை குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும். மேலே கிடக்கும் பனி தரைக்குப் போர்வை மாதிரி. டிசம்பரில் 60 செ.மீ. மட்டுமே பனி இருக்கிறது, தெளிந்த இரவில் அதன் மேற்பரப்பு மைனஸ் 15க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. தடிமனுக்குள் 15 டிகிரி வித்தியாசம், அதாவது 10 செ.மீ.க்கு 2.5 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே கோளாறு தொடங்கிவிடும். கீழிருந்து நீராவி மேலேறி, ஒன்றோடொன்று பிடித்திருந்த பனித்துகள்களைக் கரைத்து, முனை மழுங்காத படிகங்களாக மாற்றி வைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடிப்பனி சீனிபோல் ஆகிவிடும். கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், பிடிபடாது, விரலிடுக்கில் உதிரும்.

அதே 15 டிகிரி வித்தியாசம் 2 மீட்டர் தடிமனான பனியில் இருந்தால், 10 செ.மீ.க்கு முக்கால் டிகிரிதான். துகள்கள் ஒட்டிக்கொண்டு இறுகும். ஆக, பனி குறைவாக விழுந்த டிசம்பர்தான் ஆபத்துக்கு அடித்தளம் போடுகிறது. "இந்த வருஷம் ஸ்னோவே இல்லை, பயப்பட ஒன்றுமில்லை" என்பது இந்த மலைகளில் சொல்லக் கூடாத வார்த்தை.

இப்போது அந்தச் சீனி அடுக்கின் மேல் ஜனவரி இடையூறு ஒன்று வந்து ஒரே நாளில் 30 செ.மீ. கொட்டுகிறது. புதுப்பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 30 கிலோ. 50 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள சிறிய சரிவுக்கே 150 டன் புதிய பாரம். காற்று அடித்து அதை ஒரு பலகைபோல் இறுக்குகிறது. கீழே சீனி, மேலே பலகை. வீட்டில் செய்து பார்க்க வேண்டுமானால், தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, அதன் மேல் கனமான புத்தகத்தை வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணம் வரை ஒன்றும் ஆகாது. அதற்கு மேல், முன்னறிவிப்பே இல்லாமல் புத்தகம் முழுசாக வழுக்கும்.

உண்மைப் பலகை வழுக்குவதற்கு ஒரு தூண்டுதல் போதும், பல சமயம் அது ஓர் ஆளின் எடைதான். பொழுதுபோக்குக்காக மலையேறுபவர்களும் பனிச்சறுக்கு ஆடுபவர்களும் சிக்கும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவரோ கூட வந்தவரோ தாமே கிளப்பி விட்டவை. மேலே நடப்பவரின் பாரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரை இறங்கும். நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடிவிடும். அந்த நொறுங்கலுக்குச் சத்தம் உண்டு. காலுக்கடியில் 'உம்ப்' என்று யாரோ மூச்சை விட்டதுபோல் கேட்கும். தரை சற்றே இறங்கியதுபோல் இருக்கும். சமதளத்தில் நிற்கும்போது அது கேட்டால்கூட, மேலே இருக்கும் சரிவு அறுந்து வரலாம். இந்தச் சத்தமும், காலடியிலிருந்து கோடுபோல் ஓடும் விரிசலும், பக்கத்துச் சரிவில் இன்றோ நேற்றோ இறங்கிய பனிச்சரிவின் தடமும் மலை தானாகவே தரும் எச்சரிக்கைகள். மூன்றில் எது தெரிந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

எல்லா மலைச்சரிவும் ஒரே அளவு ஆபத்து இல்லை. பலகையாக இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்பும். 38ஐ ஒட்டிய கோணம்தான் அதிகம். 25க்குக் கீழ் கிளம்புவது அபூர்வம். 60க்கு மேல் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்குப் பிடித்த கோணமும் அந்த 30களில்தான் இருக்கிறது என்பது வேறு வேதனை. கோணத்தை அளக்க ஒரே நீளமுள்ள இரண்டு கைத்தடிகள் போதும். ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் பாதி உயரத்திலிருந்து இன்னொன்றைப் படுக்கைவாக்கில் மேட்டுப்பக்கம் நீட்டுங்கள். முனை சரிவைச் சரியாகத் தொட்டால் 27 டிகிரி. முழு நீளம் போகும் முன்பே முட்டினால் அதைவிடச் செங்குத்து, விலகிவிட வேண்டும். சந்தேகமான சரிவில் ஏறி நின்று இதைச் செய்யக் கூடாது. பக்கவாட்டில் தூரத்தில் நின்று, செல்போனின் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, போனின் விளிம்பைச் சரிவின் கோட்டோடு பொருத்திப் பார்ப்பது பாதுகாப்பான வழி.

மலையேறாமல், மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கில் குழந்தைகளோடு பனியுருண்டை எறிய மட்டும் போகிறவர்களுக்கு வேறொரு கோணம் முக்கியம். பனிச்சரிவு கிளம்பும் இடம் வேறு, வந்து நிற்கும் இடம் வேறு. கையை முழுவதும் நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் கண்ணுக்குச் சுமார் 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முஷ்டி வையுங்கள். பனி ஏறிய மலையின் உச்சி அதற்கும் மேலே தெரிந்தால், நீங்கள் நிற்கும் இடம் அங்கிருந்து இறங்கும் பனிச்சரிவின் எல்லைக்குள் இருக்கிறது. பெரிய பனிச்சரிவுகள் இதைவிடக் குறைந்த கோணத்திலும் எட்டியதுண்டு. மரமே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டதுபோல் இறங்கும் பட்டைகள், ஒரே பக்கம் கிளை முறிந்த தேவதாருக்கள், இவை பழைய பனிச்சரிவுகள் போன பாதை. அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம்.

சரி, வானம் தெளிந்த நாள் ஏன் அவ்வளவு மோசம்? புதுப்பனி பழைய அடுக்கோடு ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். குளிர் கடுமையாக இருந்தால் அந்த ஒட்டுதல் இன்னும் தாமதமாகும். அடுத்தது காற்று. டெல்லியில் நாம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அதே வேளையில் மேலே முகடுகளில் பலத்த காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து விழுவதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்று ஒரு சரிவில் பனியை ஏற்றிவிடும். 30 செ.மீ. விழுந்த நாளில் முகட்டின் மறைவுப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் சேர்ந்திருப்பது அதனால்தான். நீல வானத்தில் மலை முகட்டிலிருந்து வெள்ளைப் புகைபோல் ஒன்று பறப்பதை எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்த அழகுதான் பாரம் ஏற்றும் வேலை. பிறகு வெயில் வருகிறது. மேலடுக்கு இளகிக் கனத்து, பலகையின் பிடி தளர்கிறது. மார்ச், ஏப்ரலில் இந்த வெயிலே தனி ஆபத்து. காலையில் இறுகிக் கிடந்த பனி நண்பகலுக்குள் நீர் ஊறிக் கூழாகி, மெதுவாக, ஆனால் சிமென்ட் கலவைபோல் கனமாக இறங்கும்.

எச்சரிக்கை அறிவிப்புகளிலும் ஒரு பொறி இருக்கிறது. வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் விழப்போகும் பனியைப் பற்றியவை. பொழிவு நின்றதும் நிறம் இறங்கும். கிடக்கும் பனியைப் பற்றிச் சொல்வது வேறு நிறுவனம்: பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரிலிருந்து இயங்கும் டி.ஜி.ஆர்.இ. மணாலியில் 1969இல் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனமும் டெல்லியில் இருந்த நில ஆய்வுக்கூடமும் 2020இல் இணைந்து உருவானது இது. ஒன்று முதல் ஐந்து வரை ஆபத்து நிலை சொல்லும். வானிலைத் துறையின் ஆரஞ்சு போன பிறகும் இவர்களின் அறிக்கையில் மூன்றோ நான்கோ நிற்கலாம். மூன்று என்றால் 'நடுத்தரம்தானே' என்று தோன்றும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பல மடங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிச்சரிவில் மாட்டிக்கொண்டு இறப்பவர்களில் அதிகம் பேர் மூன்றாம் நிலை நாள்களில்தான் இறக்கிறார்கள். நான்கு, ஐந்து என்றால் யாரும் போவதில்லையே!

அந்த அறிக்கையில் மாவட்டமும் உயரமும் இருக்கும். "குல்லு மாவட்டத்தில் 2,800 மீட்டருக்கு மேல்" என்று இருந்தால், மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர், கவலை இல்லை. ஆனால் மணாலியிலிருந்து லாஹவுலுக்குப் போகும் அடல் சுரங்கத்தின் தென்வாசல் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சுரங்கம் வருவதற்கு முன், ரோதாங் மூடினால் லாஹவுல் பக்கம் சுற்றுலாப் பயணி யாரும் போக முடியாது. 9.02 கி.மீ. சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறந்த பிறகு, டெல்லியில் இரவு பஸ் ஏறியவர் மறுநாள் மதியம் லாஹவுலின் சிஸ்ஸுவில் நிற்கலாம். சுரங்கத்துக்குள் பத்திரம்தான். அதற்குப் போகும் சாலை பனிச்சரிவுப் பாதைகளைக் கடந்துதான் போகிறது. குல்மார்க்கிலும் இதே கதை: புல்வெளி 2,650 மீட்டர், கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் இறக்கிவிடும் இடம் 3,900க்கும் மேல். அதில் ஏறி இறங்குவதற்குள் ஒரு ஆபத்து நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியவர்களுக்கு நடந்ததற்கு 2023 ஏப்ரல் 4 ஓர் உதாரணம். சிக்கிமில் நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில், 15ஆவது மைல் அருகே, பட்டப்பகலில் பனி இறங்கி ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்று பயணிகளுக்கு அனுமதி 13ஆவது மைல் வரை மட்டுமே.

புயலே நேரடியாகக் கொல்லும் விதங்களும் உண்டு. அதில் டெல்லி வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரியில் ஒரே இரவில் 20க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். இப்படிச் சிக்கும்போது குளிரைவிட வேகமாகக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. பனி புகைக்குழாயை மூடினால், ஹீட்டருக்காக ஓடும் இன்ஜினின் புகை வண்டிக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம்தான் வரும். எனவே குழாயைச் சுற்றிப் பனியை வாரிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, காற்று வீசாத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் திறந்து வைக்க வேண்டும். கிளம்பும் முன் ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெல்லி வெயிலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி, மணாலி இரவில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் இன்ஜின் பிளாக்கே வெடிக்கும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் மைனஸ் 30க்குக் கீழேயும் உறையாது. டெல்லியில் நிரப்பிய டீசலில் கடுங்குளிரில் மெழுகு திரளும், அதனால் மேலே போய் நிரப்பிக்கொள்வது நல்லது. இரவில் ஹேண்ட்பிரேக் போட்டால் காலையில் அது உறைந்து இறுகியிருக்கும், எடுக்க வராது. அதற்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சங்கிலி கட்டுவது ஓட்டும் சக்கரங்களுக்கு. நம் சிறிய கார்களில் பெரும்பாலும் அது முன்சக்கரம். பின்னால் கட்டிவிட்டு வழுக்குகிறதே என்று திட்டுபவர்களைச் சோலாங் சாலையில் எந்த வாரமும் பார்க்கலாம்.

பனிச்சரிவில் புதைந்தவருக்கு நேரம்தான் எல்லாம். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலோரைக் கொல்வது குளிர் இல்லை, மூச்சுத்திணறல்: தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பது. ஓடும்போது நீர்போல் இருந்த பனி நின்ற கணமே இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. ஆகவே அது வேகம் குறையும் அந்தச் சில விநாடிகளில் ஒரு கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து காற்றுக்கு இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காற்றிடம் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து மணிக்கணக்கு நாள்கணக்காகவும் ஆகலாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும், 25 அடிக்கும் மேலான பனிக்கடியில் கூடாரத்துக்குள் இருந்து, ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டார். டெல்லி ராணுவ மருத்துவமனையில் 11ஆம் தேதி இறந்தார். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மானாவில் சாலைப் பணியாளர்கள் 54 பேர் சிக்கினார்கள். 46 பேர் பிழைத்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்பு கன்டெய்னர்கள் புரண்டாலும் நசுங்கிவிடாமல் உள்ளே மூச்சுவிட இடம் கொடுத்தன. வெட்டவெளியில் மாட்டும் பயணிக்குக் கூடாரமும் இல்லை, கன்டெய்னரும் இல்லை.

அவருக்கு உதவி என்றால் கூட வந்தவர்கள்தான். மீட்புப் படை எவ்வளவு விரைந்தாலும் பத்து நிமிடத்தில் வராது. சரிவுகளில் நடப்பவர் ஒவ்வொருவர் உடம்பிலும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர், பையில் இரண்டரை மீட்டர் துழாவுகம்பி, உலோக மண்வாரி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. செல்போன் இதற்கு மாற்றாகாது, டிரான்ஸீவரைக் குழப்பும். தேடும்போது போனை அணைத்து வையுங்கள். ஒருவர் அடித்துச் செல்லப்படும்போது கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்து வைப்பது ஒருவரின் வேலை. தேடல் அதற்குக் கீழே தொடங்கும். துழாவுகம்பி ஆளைத் தொட்டதும் உருவாதீர்கள், அங்கேயே விடுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் தோண்டுபவரின் பாரம் புதைந்தவரின் காற்றிடத்தை நசுக்கும். சரிவின் கீழ்ப்பக்கமாக, புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி ஆரம்பித்துக் குடைந்து போக வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். நிமிடத்துக்கொருமுறை முன்னால் வாருபவர் மாற வேண்டும்.

முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, அடுத்து நெஞ்சை விடுவியுங்கள், கால்கள் பிறகு. மூச்சு இல்லையென்றால் குழிக்குள்ளேயே வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்கலாம், நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்த இடம் கிடைத்ததும் அழுத்த வேண்டும். வெகுநேரம் குளிரில் கிடந்தவரை உலுக்கித் தூக்கினால் இதயம் தாளம் தவறி நின்றுவிடக்கூடும், படுத்த வாக்கிலேயே மெல்ல நகர்த்துங்கள். நினைவோடு இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். யாராவது பையிலிருந்து ரம் பாட்டிலை எடுத்தால் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே அனுப்பிவிடும்.